கவனித்துக்கொண்டிருக்கும் பையன்

ஜான் லெ காரேயின் நாவல்களைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து பேசப் போகிறோம். அவற்றை வாசகர்கள் எப்படி வாசித்தார்கள், ஏன் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறார்கள் என்பதே நம் பேச்சின் மையம். இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்த துறையினருக்கு முதலில் என் நன்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாவல் இலக்கியம் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட லெ காரேயை வகுப்பில் நடத்தியதில்லை. பாடத்திட்டத்தில் அவருக்கு இடம் இருக்கவில்லை. ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகனாக, பின்னிரவுகளிலும் ரயில் பயணங்களிலும் தெரிந்துகொண்டதுதான். அந்த உரிமையில்தான் இந்தத் தலைமைப் பொறுப்பை ஏற்றேன்.

எனக்கு முதலில் கிடைத்தது 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, முன்னட்டை போன பிரதி. நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் யார் யாருக்கு மேலதிகாரி, எது இன்று நடப்பது, எது பழைய கதை என்று தலை சுற்றியது. மூடி வைத்தேன். அடுத்த முறை நூறு பக்கம் வரை போனேன். மூன்றாம் முறைதான் முடித்தேன். முடித்த அன்றிரவே மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். இதே கதையை எத்தனையோ வாசகர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், ஏறக்குறைய இதே சொற்களில். முதல் வாசிப்பில் திணறல், இரண்டாம் வாசிப்பில் பிடிப்பு, அதன் பிறகு ஆயுள் முழுக்க உறவு. அந்தத் திணறலை நாவலின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நாவல் தன் வேலையை அதன் வழியாகத்தான் செய்கிறது என்பது என் துணிபு. அதை இந்த அவையில் வைக்கவே வந்திருக்கிறேன்.

1974இல் வெளிவந்த அந்த நாவல் எப்படித் தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் மாஸ்கோவின் ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கதை இதுதான். ஆனால் முதல் அத்தியாயத்தில் லண்டனும் இல்லை, உளவுத்துறையும் இல்லை. கிராமப்புறத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. மழை. காருக்குப் பின்னால் வண்டிவீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஜிம் பிரிடோ என்கிற மாற்று ஆசிரியர் வந்து சேர்கிறார். அவர் வருவதை ஒரு பையன் பார்க்கிறான். பில் ரோச் என்று பெயர். குண்டான உடம்பு, மூக்குக்கண்ணாடி, மூச்சிழுப்பு. பள்ளிக்குப் புதியவன், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், நண்பன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தனக்கு வேறெதுவும் வராது என்று நம்புகிற அந்தப் பையனுக்கு நன்றாக வருவது ஒன்றே ஒன்று: கவனிப்பது. புதிய ஆசிரியரின் முதுகு ஏன் கோணியிருக்கிறது, எப்போது குடிக்கிறார், எதற்குத் திடுக்கிடுகிறார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அந்தத் திறமையை ஜிம் கண்டுகொண்டு மெச்சுகிறார்.

வாசகர் யாராக இருக்க வேண்டும் என்பதை லெ காரே அந்தப் பையனை வைத்தே சொல்லிவிடுகிறார். நமக்கும் அவனைப் போல முழு விவரம் தெரியாது. அவனைப் போலவே சிறு அடையாளங்களைக் கோத்துக் கோத்துப் பார்க்கிறோம். பிறகு கதை ஜார்ஜ் ஸ்மைலியிடம் போகிறது. ஓய்வுக்குத் தள்ளப்பட்ட, தொளதொள உடையணிந்த நடுவயதுக்காரர். அவர் ஓடித் துரத்துவதில்லை. லண்டனில் சாதாரண விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் பழைய கோப்புகளைப் படிக்கிறார். எந்தத் தாள் காணாமல் போயிருக்கிறது, எந்தக் கணக்கில் எந்தப் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிறார். பழைய சகாக்களைத் தேடிப்போய்ப் பேச வைத்துக் கேட்கிறார். நாமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே தாள்களைப் புரட்டுகிறோம். ஸ்மைலியின் வேலை வாசிப்பு. நம் வேலையும் அதுவே. ஜேம்ஸ் பாண்ட் கதையில் வாசகர் பயணி. இங்கே அவருக்குப் பொறுப்பு ஒன்று தரப்பட்டிருக்கிறது. நாற்பது பக்கத்தில் எனக்குத் தலை சுற்றியது அந்தப் பொறுப்பின் கனத்தால்தான் என்று பின்னால் புரிந்தது.

இப்படிக் கவனிக்கும் பழக்கம் லெ காரேக்கு எங்கிருந்து வந்தது? இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். 1931இல் இங்கிலாந்தின் பூல் நகரில் பிறந்தவர். தந்தை ரானி, பேச்சாலேயே ஊரை ஏமாற்றிப் பிழைத்தவர். மோசடி வழக்கில் சிறை சென்றவர். பையனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் வீட்டை விட்டுப் போய்விட்டார். இருபது வயதைக் கடந்த பிறகுதான் மகன் அவரை மறுபடி பார்த்தார். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், கட்டணம் கட்டப்படுமா என்று தெரியாமல், அவர்களில் ஒருவனைப் போல நடித்துக்கொண்டு வளர்ந்த குழந்தை. அப்பா இன்று எந்த வேஷத்தில் வருவார், எந்தப் பொய்யை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று முகம் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய பிழைப்பு. பின்னால் எம்.ஐ.5, எம்.ஐ.6 என்று இரு உளவு அமைப்புகளிலும் வேலை பார்த்தார். ஆனால் உளவு அவருக்கு வீட்டுப்பாடமாகவே வந்தது என்பதை 1986இல் வந்த 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை' படித்தவர்கள் அறிவார்கள். தந்தையை அவர் நேருக்கு நேர் எதிர்கொண்ட நாவல் அது. அவருடைய நாவல்களில் எது சிறந்தது என்று வாசகர்கள் சண்டையிடும்போது என் வாக்கு எப்போதும் அதற்கே. வாசிக்கக் கடினமானதும் அதுதான். ஒரு மகன் இறந்த தந்தையை மன்னிக்கப் படும் பாடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

இனி 1963க்கு வருவோம். 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' வெளிவந்த ஆண்டு. பெர்லின் சுவர் எழுந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. அதே 1963 ஜனவரியில் கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடிப் போயிருந்தார். பணியில் இருப்பவர் சொந்தப் பெயரில் எழுத முடியாது என்பதால் லெ காரே என்ற புனைபெயர். கையெழுத்துப் படியை அவருடைய துறை படித்துப் பார்த்தது. இது முழுக்கக் கற்பனை, எந்த இரகசியமும் வெளியாகவில்லை என்று அனுமதி கொடுத்தது. வாசகர்களோ இதுதான் உண்மை, உள்ளே இருந்தவர் எழுதிய வாக்குமூலம் என்று பிடித்துக்கொண்டார்கள். தன் எழுத்தைக் கற்பனை என்று நம்பவைக்க முடியாமல் அவர் ஆயுள் முழுவதும் போராடினார். அந்த வாசகர்கள் தவறாகப் படித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். துறை, தகவல்களைச் சரிபார்த்தது. வாசகர்கள், சோர்வைச் சரிபார்த்தார்கள். குளிரில் நிற்கிற ஒரு மனிதனின் களைப்பு உண்மையா என்று பார்த்தார்கள். இரண்டு தீர்ப்புமே சரியானவைதான்.

அந்த நாவல் வாசகருக்குச் செய்கிற காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அலெக் லீமஸ், கிழக்கு ஜெர்மனியின் உளவுத் தலைவன் முண்ட்டை வீழ்த்த அனுப்பப்படுகிறான். அப்படித்தான் அவன் நம்புகிறான். நாமும் நம்புகிறோம். குடிகாரனாக, கைவிடப்பட்டவனாக அவன் நடிக்கிறான். ஒரு சிறு நூலகத்தில் வேலைக்குப் போகிறான். அங்கே லிஸ் கோல்ட் என்ற இளம்பெண்ணின் அன்பு கிடைக்கிறது. திட்டம் பலிக்க வேண்டும், முண்ட் ஒழிய வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் நாமும் ஆசைப்படுகிறோம். கடைசியில் உண்மை தெரிகிறது. முண்ட் பிரிட்டனின் ஆள். அவனைச் சந்தேகித்த ஃபீட்லரை ஒழிப்பதே நோக்கம். ஃபீட்லர் யூதன், தன் கொள்கையை நெஞ்சார நம்பியவன். முண்ட் பழைய நாஜி. அந்த நோக்கத்துக்கு லிஸ்ஸின் அன்பும் ஒரு கருவி. திட்டம் பலித்துவிட்டது, நாம் ஆசைப்பட்டபடியே. அந்தப் பலிப்பில் நமக்கும் பங்கு இருக்கிறது என்ற கூச்சம் புத்தகத்தை மூடிய பிறகும் கையை விட்டுப் போவதில்லை. சுவரின் மேலிருந்து லீமஸ் எந்தப் பக்கம் இறங்குகிறான் என்பதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். படிக்காத மாணவர்கள் இங்கே இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்று அங்கே அறிவுரை இருக்கிறது. பொருட்பாலில் அது அரசனுக்குச் சொன்னது. அப்படி ஆளப்படுகிறவனுக்கு, தன் பணி எதற்கென்று தெரியாமலே அனுப்பப்படுகிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் லெ காரேயின் பொருள். பல நூற்றாண்டு இடைவெளி இருந்தும், அந்தப் பத்துக் குறளை நன்கு படித்த ஒரு தமிழ் வாசகருக்கு லீமஸின் கதை அந்நியமாக இராது.

லெ காரே புழக்கத்தில் விட்ட சொற்களைப் பற்றி நாளைக்குத் தனி அமர்வு இருக்கிறது. நான் அதிகம் தொட மாட்டேன். பகைவரின் அமைப்புக்குள் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருப்பவனை 'மோல்' என்று இன்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தச் சொல்லைப் பொதுமக்கள் வாயில் போட்டவர் அவர். பல சொற்கள் அவரே உருவாக்கியவை. உண்மையான உளவாளிகளும் பின்னால் அவற்றைப் பேசத் தொடங்கினார்கள். அதே உளவாளிகளில் பலருக்கு அவர் மேல் தீராத கோபமும் இருந்தது. எம்.ஐ.6இன் முன்னாள் தலைவர் ஒருவர் 2019இல் பொது மேடையிலேயே அந்தக் கோபத்தைச் சொன்னார். அதுவும் ஒருவகை வாசக எதிர்வினைதான். நம் கட்டுரையாளர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

1989இல் சுவர் விழுந்தபோது இனி இவர் எதை எழுதுவார் என்று கேட்டார்கள். 2001இல் 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' வந்தது. ஆப்பிரிக்க ஏழைகளின் உடலில் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனங்களைப் பற்றிய கதை. அதன் நாயகன் ஒற்றன் இல்லை. கென்யாவின் துர்கானா ஏரிக்கு அருகே கொல்லப்பட்ட மனைவியின் தடத்தைப் பின்தொடரும் கணவன் அவன். தோட்டம் போடுவதில் பிரியமுள்ள, சாதுவான தூதரக அதிகாரி. அவனும் தாள்களைப் படித்தே உண்மைக்கு வருகிறான். இராக் போருக்குப் பிந்திய நாவல்கள் சிலவற்றில் ஆசிரியரின் சினம் பாத்திரங்களை முந்திக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சினம் நியாயமானது, ஆனால் 'அப்சலூட் ஃப்ரெண்ட்ஸ்' கதைக்கு அது நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து. பெண்களை அவர் எழுதிய விதத்திலும் எனக்குக் குறை உண்டு. ஸ்மைலியின் மனைவி ஆன், எல்லோராலும் பேசப்படுகிறாள். அவள் பேசி நாம் கேட்பது மிகக் குறைவு. இந்த அவையில் இருக்கும் ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

2011இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இலக்கியப் பரிசுகளுக்குத் தான் போட்டியிடுவதில்லை என்று சொல்லி, பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பரிசுக் குழுக்களிடம் அப்படி இருந்தவர், வாசகர்களிடம் வேறு மாதிரி இருந்தார். 2020 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு தொகுக்கப்பட்ட கடிதங்களில், ஒற்றனாக ஆசைப்பட்டு எழுதிய பத்து வயதுச் சிறுவனுக்கு அவர் அனுப்பிய பதில் இருக்கிறது. உலகத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், யாருக்கு உதவ விரும்புகிறாய் என்பதை முதலில் தெரிந்துகொள் என்ற பொருளில், பெரியவருக்கு எழுதுவதைப் போலவே மரியாதையாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குப் பில் ரோச்சின் நினைவு வந்தது.

முதல் அமர்வு 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யின் தில்லிச் சிறைக் காட்சியைப் பற்றியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1950களின் நடுப்பகுதி; சுட்டெரிக்கும் வெயில்; ஸ்மைலி ஒரு கைதியின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கார்லா என்று அவர் அறியப் போகிற எதிரி அவன்தான். மாஸ்கோவுக்குத் திரும்பினால் சாவுதான், எங்கள் பக்கம் வந்துவிடு என்று மணிக்கணக்கில் பேசுகிறார். பேசப் பேசத் தன் மனைவியைப் பற்றியும் தன் கவலைகளைப் பற்றியும் தானே வெளியிட்டுவிடுகிறார். எதிரில் இருப்பவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிகரெட் பற்றவைக்கக் கொடுத்த லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆன் அன்பாகப் பெயர் பொறித்துக் கணவனுக்குக் கொடுத்த லைட்டர். அங்கே கேள்வி கேட்கப் போனவர்தான் வாசிக்கப்பட்டார். ஆன் மேல் ஸ்மைலிக்கு இருந்த அந்தப் பற்றையே பின்னால் கார்லா அவருக்கு எதிராகத் திருப்புகிறான்.

1979இல் வந்த 'ஸ்மைலீஸ் பீப்பிள்' முடிவில், பெர்லினில், இரவில், கார்லா பாலத்தைக் கடந்து மேற்குக்கு வருகிறான். இப்போது அவனுடைய பலவீனம் ஸ்மைலியின் கையில்; அவனுடைய மகள். கீழே அந்த லைட்டர் கிடக்கிறது. ஸ்மைலி பார்க்கிறார். எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? எனக்குத் தெரிந்த வாசகர்களிடம் நாற்பது ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனைவியை மனத்தால் துறந்துவிட்டார் என்பவர் உண்டு. எதிரியின் வழியில் வென்ற வெற்றிக்குக் கூசினார் என்பவர் உண்டு. பழைய நண்பர் ஒருவர், அது இனி அவருடைய பொருளே இல்லை, அத்தனை ஆண்டுகள் வைத்திருந்தவனுடையது என்றார். எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் ஒவ்வொரு பதில் சரியாகப் படுகிறது. இந்தக் கேள்வியைத் தில்லிக் காட்சியைப் பற்றிக் கட்டுரை படிக்க இருப்பவரிடமும் உங்களிடமும் ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.