சொல்பவர் யார்? காண்பவர் யார்?

  

பள்ளிப் பிள்ளைகள் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களையும் இலக்கண வகுப்பில் பிழையறக் கற்கின்றனர். அக்கல்வி கதைப் பாடத்திற்குள் வருவதில்லை. ‘ஆசிரியர் கூறும் கருத்து யாது?’ என்ற ஒற்றை வினாவே அங்கே பெரிதும் ஆட்சி செய்கிறது. அதனால், கதைக்குள் ஒலிக்கும் ‘நான்’ எல்லாம் எழுத்தாளரே என்று பிள்ளை நம்பிவிடுகிறது. அந்த ‘நான்’ சொல்வதெல்லாம் மெய் என்றும் கொள்கிறது.

தமிழுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த முப்பத்து நான்கு உறுப்புகளுள் கேட்போர், களன், முன்னம் ஆகியன உண்டு. இச்சொல் இன்னார் இன்னார்க்கு இன்ன இடத்தில் உரைத்தது என்று உய்த்துணர வைப்பதே முன்னம். குறுந்தொகையில் கபிலர் தலைவியின் குரலில் பாடுகிறார். அவரைத் தலைவி என்று எவரும் மயங்குவதில்லை. பாடியவர் வேறு, பேசுபவர் வேறு என்ற தெளிவு அகமரபின் அடித்தளம். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ஜெனெத் 1972-இல் மற்றொரு வேறுபாட்டை வலியுறுத்தினார். கதையைச் சொல்பவர் யார் என்பது ஒரு வினா. யாருடைய கண்வழி அது காணப்படுகிறது என்பது பிறிதொரு வினா.

இரண்டாம் வினாவைப் பிள்ளைகளுக்கு உணர்த்தக் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ போதும். அது படர்க்கையில் அமைந்த கதை. அக்கதவு பிள்ளைகளுக்கு ஏறி ஆடும் வண்டி. தாய்க்கு வீட்டின் காப்பு. தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிச் செல்வோர்க்கு வெறும் பறிமுதல் பொருள். கதையோ பிள்ளைகளின் பக்கமே நெருங்கி நிற்கிறது. ‘அவர்கள்’ என்று சொல்லப்பட்டாலும் கண் பிள்ளைகளுடையது. இடப்பெயரை மட்டும் கொண்டு நோக்குநிலையை முடிவுசெய்தல் ஆகாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இனி, கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. இப்பெயர் தாங்கிய தொகுதிக்கே 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கதையைச் சொல்பவர், பிள்ளைகளிடம் பேரன்பு கொண்ட ஒரு பெரியவர். அவ்வன்பு உண்மையானது; ஆயினும் சாரங்கன் என்னும் சிறுவனின் ஏக்கம் அவர் கண்ணுக்கு நெடுநேரம் எட்டவில்லை. சொல்பவர் நல்லவராக இருந்தும் முழுதும் காணாதவராக இருக்கக்கூடும் என்பதைப் பிள்ளை இங்கே கற்கிறது.

அக்கதையைச் சாரங்கன் வாய்மொழியாக எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. முதல் முயற்சியில் பல பிள்ளைகள் ‘அவன்’ என்பதை ‘நான்’ என்று மாற்றுவதோடு நின்றுவிடுவர். பெரியவரின் மனத்துள் ஓடிய எண்ணங்களும் அப்படியே எஞ்சியிருக்கும். அப்போது ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: ‘இது சாரங்கனுக்கு எப்படித் தெரியும்?’ அவ்வினாவிற்கு விடை தேடும் பிள்ளை, தெரியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கும். பெரியவர் காணாதவற்றைச் சேர்க்கும். மாறியது சொல் மட்டுமன்று, பார்வையும் என்பதை அதன் கையே அதற்கு உணர்த்தும்.

இப்பயிற்சி தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. இரு பிள்ளைகள் சண்டையிட்டால் முதலில் அழுதுகொண்டு வருபவரின் கதையே வழக்காகிறது. ஊர்ச் செய்தியிலும் உரத்த குரலே உண்மையாகிறது. சொல்லப்படாத பக்கம் ஒன்று உண்டு என்று பத்து வயதில் அறிந்த பிள்ளை, வளர்ந்தபின் ஒருவரைப் பழிக்குமுன் சற்றே தயங்கும். அத்தயக்கம் அறத்தின் தொடக்கம்.

பிறர் குரலில் பாடக் கற்றவர்கள் கவிஞர்கள். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் உறுப்பினர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்குத் திங்களுக்கு ஒருமுறை சென்று ஒரு கதையைப் படித்துக் காட்டலாம். படித்து முடித்ததும் ‘இக்கதையில் யார் இன்னும் பேசவில்லை?’ என்று கேட்கலாம். விடையைப் பிள்ளைகள் சொல்வார்கள்.