பொதுநலனும் கேள்வி கேட்கும் உரிமையும்



இந்த மலையில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. அவருக்கு என் அஞ்சலி. தனிமனித உரிமையும் பொதுநலனும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தப் பொருளில் இந்தியா முழுமைக்கும் நெறி வகுத்த இரண்டு வழக்குகள் நம் கூடலூர் மண்ணிலிருந்து டெல்லிக்குப் போனவை.

முதல் வழக்கு நிலத்தைப் பற்றியது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக இங்கே சுமார் 80,000 ஏக்கர் இருந்தது. பிறப்பினால் மட்டுமே வந்த அந்த உரிமையை ஒழிக்க, 1969இல் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. உழுபவருக்கு நிலம் சேர வேண்டும் என்ற நியாயமான நோக்கம் அதற்கு இருந்தது. பால்மடீஸ் தோட்ட நிறுவனம் தொடுத்த வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது.

1974இல் நாடாளுமன்றம் 34ஆவது திருத்தத்தின் மூலம் சட்டத்தை முழுமையாக அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணை 1951இல் முதல் திருத்தத்தோடு பிறந்தது. அதில் இடம்பெற்ற சட்டம் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று எவரும் வழக்காட முடியாது என்பதே அன்றைய நிலை. பொதுநலனுக்காக என்று அரசு சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

இதை எதிர்த்த வழக்குதான் ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்றார்கள். இன்று நாட்டின் எந்த மூலையில் இருக்கும் குடிமகனுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. அதை உறுதிசெய்தது கூடலூர் வழக்கு.

இரண்டாவது வழக்கு காட்டைப் பற்றியது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பத்தாரிடம் ஒரு காலத்தில் இருந்த காடு வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், அது யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டல்ல என்றது. பட்டா வைத்திருப்பவரும் தம் நிலத்துக் காட்டை நினைத்தபடி அழிக்க முடியாது என்றாயிற்று. அதன் நியாயத்தை ஆறுகளே சொல்லும். முதுமலை வழியே ஓடும் மாயாறு பவானிசாகரில் சேர்ந்து ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கிறது. மேற்கே பாண்டியாறும் புன்னப்புழையும் சாலியாற்றில் கலந்து கேரளத்துக்குப் போகின்றன. இங்கே விழும் மரத்தின் விலையை எங்கோ இருக்கும் விவசாயி கொடுக்கிறார்.

ஒரு வழக்கு அரசின் கையைப் பிடித்தது. மற்றது நில உடைமையாளரின் கையைப் பிடித்தது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் அறம் ஒன்றே. அதிகாரம் யாரிடம் இருந்தாலும் சரி, அதனால் பாதிக்கப்படுபவர் ஏன் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். தனிமனித உரிமையும் பொதுநலனும் மோதும்போது எது பெரிது என்று வாதிடுவதைவிட, இரண்டும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்று கொள்வதே சமநிலைக்கு வழி என்பது என் துணிபு.

ஆனால் பதில் காலத்தோடு வர வேண்டும். செக்‌ஷன் 17 என்று சொன்னால் இந்த அரங்கில் விளக்கம் தேவையில்லை. தோட்டக் குத்தகையைத் தொடர விடுவதா, முடிப்பதா என்று பொதுநலன் கருதி அரசு முடிவெடுக்க வகை செய்யும் ஜென்மம் ஒழிப்புச் சட்டப் பிரிவு அது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1974 நவம்பரில். அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த நிலத்தில் தேயிலை வைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பங்கள் பட்டாவுக்காக இன்னும் காத்திருக்கின்றன. வீட்டு வாசலைத் தாண்டி மின்கம்பி போகும். பட்டா இல்லாததால் இணைப்புக் கிடைக்காமல், வீட்டுக்குள் பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படிக்கும். பல வீடுகளில் நெடுங்காலம் இதுதான் நிலை. காடும் இதனால் பிழைக்கவில்லை. இன்னாருடையது என்று தீராத நிலத்தில் ஆக்கிரமிப்பும் மரக்கடத்தலும்தான் வளரும். யானை நடந்த தடம் துண்டாகும். தாமதம் இரு தரப்பையும் தோற்கடித்தது.

இந்த வழக்குகளில் குரலே கேட்காதவர்கள் உண்டு. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய மக்கள் ஜென்ம உரிமையாளருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள். காகிதம் வைத்திருந்தவர்களுக்கு இடையேதான் வழக்கு நடந்தது. இவர்களிடம் காகிதம் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், இவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அச்சட்டம் நம் தலைப்புக்கு நல்ல விடை. பழங்குடிக் குடும்பம் உழுதுவரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அது பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் பொறுப்பையும் கிராம சபையிடம் சேர்த்தே கொடுக்கிறது. உரிமை பெற்றவரே காவலராகிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. செக்‌ஷன் 17 நிலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கெடு வைத்து முடிவு சொல்லுங்கள். இல்லை என்றாலும், காரணத்தைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். காட்டைக் காக்க ஒருவர் இடம்பெயர வேண்டுமென்றால், மாற்று நிலத்தைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். முடிவெடுக்கும் முன் கிராம சபையில் உட்கார்ந்து பேசுங்கள். மாணவர்களே, நீங்கள் நாளை அதிகாரிகளாக வருவீர்கள், நில உடைமையாளர்களாகவும் ஆவீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும், உங்களைவிட எளியவர் எழுந்து நின்று ஏன் என்று கேட்கும்போது பதில் சொல்லும் மனிதராக இருங்கள்.