திண்ணையில் தைத்த ஷூ



ஆம்பூர்ப் பக்கம் பெண்கள் வீட்டிலேயே ஷூவோட மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. அம்மா வீட்டில் நானும் தைத்தேன். முழு ஷூவைப் பார்த்ததே இல்லை.

காவேரிப்பாக்கத்துக்கு வாழ வந்த பிறகு, ஆசைக்காகத் துண்டுத்தோல் வாங்கி மகளுக்கு ஒரு ஜோடி தைத்தேன். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே ஓட்டையில் எதிரெதிரே இழுக்கணும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் தையல் பிரியாது. ஆனால் கால் வரைந்த அட்டையைத் திருப்பி வைக்க மறந்து, இரண்டும் இடது காலாகிவிட்டது! சிரிக்காதீங்க.

"தோலை வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்றார் மாமியார். திண்ணையிலேயே உட்கார்ந்து தைத்தேன். போன மாதம் அவரே பித்தவெடிப்புக் காலை அட்டைமேல் வைத்து, "குதிகால் உறுத்தாம ஒரு செருப்பு தைம்மா" என்றார்.

அதைப் போட்டுக்கிட்டுத்தான் இப்ப முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க.