தோழியா, செவிலியா?



உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு வந்தாள். 'ஷப்பரோன்' என்பது அச்சொல். மேல்நாடுகளில், மணமாகாத இளம்பெண் வெளியே செல்கையில் காவலாய் உடன்செல்லும் மூத்த பெண்ணை முன்னர் அவ்வாறு அழைப்பர். "அவளுக்கு உயிரியலில் என்ன வேலை?" என்றேன். அவள் விளக்கியதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் இங்கு கூறுகிறேன்.

இத்தாலிய விஞ்ஞானி ரித்தொசா 1962இல் வெளியிட்ட கண்டுபிடிப்புத் தற்செயலானது. அவருடைய பழ ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பநிலையை யாரோ உயர்த்திவிட, அவற்றின் நிறமூர்த்தங்களில் புதிய வீக்கங்கள் தோன்றின. வெப்பத்தால் சில பரம்பரை அலகுகள் விழித்துத் தொழிற்படத் தொடங்கியதன் அடையாளம் அது. அவற்றால் உண்டாகும் புரதங்கள் 1974இல் இனங்காணப்பட்டன. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்பது அவற்றின் பெயர்.

முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு ஏன் கட்டியாகிறது? புரதம் ஒரு நீண்ட சங்கிலி. உரியவாறு மடிந்திருந்தாலே அது தொழிற்படும். வெப்பம் அம்மடிப்பைக் குலைக்க, குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. உயிருள்ள கலத்தில் இது நேர்ந்தால் ஆபத்து. அவ்வேளையில் இக்காவற் புரதங்கள், குலைந்த சங்கிலியின் ஒட்டும் இடங்களைப் பற்றி மறைக்கின்றன. மீண்டும் சரியாக மடிய வாய்ப்பளித்து விலகுகின்றன. முடிவில் அமையும் வடிவத்தில் அவற்றுக்குப் பங்கில்லை. 1978இல் லாஸ்கியும் சகாக்களும் வேறொரு புரதத்துக்கு இட்ட 'ஷப்பரோன்' என்ற பெயர், பின்னர் இவற்றுக்கும் வழங்கலாயிற்று.

"தோழி என்று சொல்லலாமே" என்றேன், சங்க இலக்கியப் பெருமிதத்தோடு.

"சேர், தோழி சேர்த்து வைப்பவள் அல்லவா? இது தகாத சேர்க்கையைத் தடுப்பது" என்றாள்.

தமிழாசிரியன் நான் வாயடைத்து நின்றேன். ஓசையழகுக்கு மயங்கிப் பொருளைக் கோட்டைவிட்டிருந்தேன். பிறகுதான் செவிலி நினைவுக்கு வந்தாள். தலைவியை வளர்த்துக் காப்பவள் அவள். தலைவியின் இல்லறத்தை அவள் நடத்துவதில்லை; சென்று கண்டு மகிழ்ந்து திரும்புகிறாள்.

"செவிலிப் புரதம்" என்றேன். மாணவி முகம் மலர்ந்தாலும் உடனே ஐயம் எழுந்தது: "பரீட்சையில் புள்ளி தருவார்களா, சேர்?"

"பரீட்சைக்குப் பாடநூலில் உள்ளதையே எழுது, பிள்ளை. விளங்கிக்கொள்வதற்குச் செவிலி இருக்கட்டும்."

விஞ்ஞானம் அறியாமல் விஞ்ஞானத்துக்குச் சொல் தர முற்பட்ட எனக்கு அன்று கிடைத்த பாடம் அது.