மாதிரி பார்த்து விலை சொல்லும் ஊரில்



தாவர ஃபிளேவனாய்டுகளால் கல்லீரல் தழும்பை ஆற்ற முடியுமா என்று ஆராயும் இக்கருத்தரங்கு போடிநாயக்கனூரில் கூடியிருப்பது பொருத்தமானது. இவ்வூர் ஏலக்காய் வியாபாரி மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டுவார், நிறம் பார்ப்பார், ஒன்றை உடைத்து முகர்வார். பிறகுதான் விலை சொல்வார். மலையின் பெயரைக் கேட்டுப் பணம் கொடுப்பவர் இங்கே இல்லை. மருந்துக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

கல்லீரலில் வைட்டமின் ஏ சேமித்துவைக்கும் ஸ்டெல்லேட் செல்கள் சாதாரணமாக அமைதியாக இருக்கும். மதுவோ கொழுப்போ ஹெபடைடிஸ் வைரஸோ ஈரலைத் தொடர்ந்து புண்படுத்தினால் அவை குணம் மாறிக் கொலாஜன் நாரைக் குவிக்கின்றன. அது முற்றினால் சிரோசிஸ். குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் இந்தக் குணமாற்றத்தைத் தணிப்பதை ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆனால், அவற்றை எலிக்கு எப்போது கொடுத்தோம்? பல ஆய்வுகளில் கார்பன் டெட்ராகுளோரைடு நஞ்சு கொடுக்கும் நாட்களிலேயே தாவரச் சாற்றையும் கொடுத்தோம். அந்த நஞ்சு ஈரலில் வேதிமாற்றம் அடைந்த பிறகே கெடுதல் செய்கிறது. சாறு அந்த மாற்றத்தைத் தடுத்திருந்தாலே எலி பிழைத்துவிடும். அது தழும்பை ஆற்றியதாக ஆகாது. நம் நோயாளியோ தழும்பு விழுந்து, வயிறு வீங்கிய பிறகு வருகிறார்.

இனி மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளுக்கு வருவோம். வயல் வரப்பில் ஒரு கீழாநெல்லிக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் கடுகுபோலக் காய்கள் வரிசை கட்டியிருக்கும். மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார் மோரில் அரைத்துக் கொடுத்த செடி. 1988இல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் அதன் ஆய்வை வெளியிட்டனர். செடியை உண்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைடிஸ் பி ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அது வைரஸைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் பாடம் நமக்கும் உண்டு. கீழாநெல்லி என்ற பெயரில் சந்தைக்கு வருவது ஒரே இனச் செடியன்று.

பால் முட்செடியிலிருந்து எடுக்கும் சிலிமரினின் முடிவுகளும் அப்படியே மாறுபட்டன. 1989இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில் 170 சிரோசிஸ் நோயாளிகளில் சிலிமரின் உண்டவர்களின் ஆயுள் கூடியது. 1998இல் வெளியான ஸ்பானிய ஆய்வில் மதுவால் சிரோசிஸ் வந்த 200 பேரிடம் வேறுபாடு இல்லை. இயற்கை என்பதால் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். மலைத் தேயிலையிலுள்ள கேட்டச்சினும் ஃபிளேவனாய்டுதான். கோப்பைத் தேநீர் நமக்கு இதம். ஆனால், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவில் இஜிசிஜி என்ற கேட்டச்சின் உடலில் சேரும்போது ஈரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள். செடியின் இனத்தையும் சாற்றின் வீரியத்தையும் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யுங்கள். தழும்பு விழுந்த பிறகு மருந்து கொடுத்துப் பாருங்கள். எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி இறங்கியதோடு நிறைவடையாமல் தழும்பையே அளந்து காட்டுங்கள். பலிக்காத முடிவையும் இதே மேடையில் தயங்காமல் படியுங்கள். அடுத்த நோயாளியின் பணமும் நாளும் அதனால் மிஞ்சும்.

செடியின் மேல் நமக்குள்ள அன்பு பெரிது. அந்த அன்போடுதான் அதை உடைத்து முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.