உடன்படிக்கையும் தொண்டும்: கண்டி மலைநாடு காட்டும் வெளிநாட்டுக் கொள்கை

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர், இராஜதந்திரம், அதாவது அரசுகள் தமக்குள் பேசி உடன்பாடு காணும் முறை, எளிய மக்களின் வாழ்வை எவ்வளவு ஆழமாக மாற்றவல்லது என்பதை 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் காணலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிய, எந்த நாட்டின் பிரசைகளாகவும் ஏற்கப்படாத, ஏறக்குறைய 9,75,000 இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் அவ்வொப்பந்தம் வகுத்தது. 1974இல் அந்த எஞ்சியோரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களிடமோ அவர்களின் தொழிற்சங்கத் தலைவர்களிடமோ கருத்துக் கேட்காமல் செய்யப்பட்ட இந்தப் பங்கீடு, அண்டை நாட்டு உறவைச் சீராக்கியிருக்கலாம். மனிதரைத் தொகையாக மட்டும் கண்டது அதன் பெருங்குறை.

அதே கண்டியில், 1972இல், இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்து உழைத்த அந்நிலையம் தோட்ட மக்களின் உரிமைகளைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஒப்பந்தம் வரைந்தவர்கள் அறியாத, தோட்டத் தொழிலாளரின் லயன் அறை வாழ்க்கையை அருகிருந்து அறிந்தவர்கள் இத்தகைய தொண்டர்களே.

எனினும் அரசுகள் அனுப்பும் தொண்டர்களின் நிலை வேறு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961இல் தொடக்கிய, இளைஞரை வளர்முக நாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் என்னும் அமைப்பு 1962இல் இலங்கைக்கு வந்தது. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இலங்கை அரசு கையேற்று நட்டஈடு வழங்காததைக் காரணங்காட்டி, அமெரிக்கா 1963 பெப்ரவரியில் தன் உதவியை நிறுத்தியது. தொண்டர்களும் 1964உடன் வெளியேறினர். பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் ஆட்சியில், 1967இல், அவ்வமைப்பு திரும்பி வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க மீண்டும் பிரதமரான 1970உடன் அதன் பணி மறுபடியும் நின்றது. 1983 முதல் 1998 வரை மூன்றாம் முறையாக இயங்கியது. இடையிடையே நின்றுபோன இப்பணி, அதை நம்பியோருக்கு நிலையான துணையாக இருந்திருக்க இயலாது.

இராஜதந்திரமும் தொண்டும் ஒன்றையொன்று தாங்கும்போது விளையும் பயனை இந்திய வீடமைப்புத் திட்டம் காட்டுகிறது. ஒருகாலத்தில் ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்புவோருக்குக் கடவுச்சீட்டு வழங்கிய கண்டி இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், இன்று இங்கேயே வாழும் மக்களின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் அளிக்கும் பணியிலும் ஈடுபடுகிறது. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு இந்தியா முதலில் 4,000 வீடுகளை ஒதுக்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பமே முன்னின்று கட்டும் முறையில், வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் வழங்கப்பட, தொண்டர் அமைப்பாகிய இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனமும் உடனிருந்து உதவின. பத்தடி லயன் அறையில் பிறந்தவர் தம் வீட்டுக்குத் தாமே அத்திவாரம் இடுவது, 1964இல் இழந்த மதிப்பை ஓரளவு மீட்பதாகும்.

ஆயினும் அவ்வீடுகள் நிற்கும் ஏழு பேர்ச் காணிக்கு முறையான உறுதிப்பத்திரம் குடும்பத்தின் பெயரில் பதிவாக வேண்டும். அதை வழங்குவது எந்த அயல்நாட்டின் கடமையும் அன்று, இலங்கை அரசின் கடமை. தோட்டப்புறத்து மக்களும், அவர்களோடு ஒரே மலையில் வாழும் கண்டி நகரத்தாரும், அந்த உறுதியைத் தம் பிரதிநிதிகளிடம் இணைந்து கேட்க வேண்டும்.