குரலும் செயலும்



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்கி அமர்வதே மரபு. ஆயினும், பிறருடைய குரல் நம் கணிப்பை எவ்வாறு ஆள்கின்றது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவர் ஒருவர் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்துடன், தந்தையாரையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் சென்றார். எழுத்தர் தலை நிமிராமலே, "வருமானச் சான்று எங்கே? போய் வாங்கிட்டு வா" என்றார். செய்தி சரியானதே, சான்று இணைக்கப்படவில்லை. ஆனால் அறுபது வயதுப் பெரியவரை நோக்கி அந்த 'வா'! மகன் தாளைப் பறித்துக்கொண்டு வெளியேறினார். கடைசி நாள் கடந்தது. அவ்வாண்டு உதவித்தொகை கிட்டவில்லை.

மறு ஆண்டு அவ்விருக்கைக்கு வேறொருவர் வந்தார். "வாங்க ஐயா, உட்காருங்க" என்பார். ஊரே புகழ்ந்தது, நாமும் புகழ்ந்தோம். நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் நான்கு திங்கள் அவருடைய மேசைக்குள் உறங்கின. முன்னவரோ, முழுமையான விண்ணப்பங்களை அன்றன்றே மேலனுப்பி வந்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

அதனால் முன்னவரின் குரலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதன்று. அதே 'வா' பாட்டியின் வாயில் அன்பாகின்றது. அந்த மேசைக்குப் பின்னிருந்து வரும்போது, தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் கேட்ட ஏவலெல்லாம் அதில் சேர்ந்து ஒலிக்கின்றது. 1922இல் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, இழிபெயர்களை அகற்றி 'ஆதி திராவிடர்' என வழங்கச் செய்தார். பெயர் மாறிற்று, தொனி அவ்வளவு விரைவில் மாறவில்லை. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கின்றது. தொனியை எந்த மனுவில் எழுதுவது? தாளில் 'வா' வெறும் 'வா'தான்.

ஆகவே இளைஞர்களே, சான்றை இணைத்து விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு, "என் தந்தையை மரியாதையாக அழையுங்கள்" என்று நின்று சொல்லுங்கள். முறையீடு எழுதுவதானாலும் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இதைக் கூறும் நாமும் தப்பியவரல்லோம். கணக்கில் ஐயம் கேட்ட சிறுவனிடம், "இதுகூடத் தெரியாதாடா?" என்றோம். அவனுக்கு விளக்கியும் காட்டினோம். அவ்வாண்டு முழுவதும் அவன் வேறு ஐயமே கேட்கவில்லை. தேர்வில் தவறியபின் காரணம் வினவினோம்.

"ஐயா அன்னைக்குக் கோவமா இருந்தீங்க" என்றான்.

அன்று கோபப்பட்டதாக நமக்கு நினைவே இல்லை.